உழைப்பும் மூச்சும் குரலும்: மாத்தளை வடக்கின் பாடல் மரபை முன்வைத்துச் சில விமர்சனக் குறிப்புகள்

1

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 நெடுந்தெருவில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் அமைந்துள்ள ஊர் நாவுல. வரண்ட வலயத்தின் சமநிலம் முடிவுற்று மாத்தளைக் குன்றுகளை நோக்கி நிலம் உயரத் தொடங்கும் எல்லைப் பகுதி அது. பல்லவக் கட்டடக்கலைச் சாயலைக் கொண்ட நாலந்தா கெடிகே அதன் அயலில் உள்ளது. போவத்தென்னை நீர்த்தேக்கத்தின் பொருட்டு அக்கட்டடம் கல்கல்லாகப் பெயர்க்கப்பட்டு வேறிடத்தில் மீளக் கட்டப்பட்டது. வரலாற்று மாணவர் இவ்வூரை அறிவது பெரும்பாலும் அக்கட்டடத்தின் வாயிலாகவே.

இவ்வூரின் வழியே சென்ற மற்றொரு வரலாறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளையை அடைந்தனர். பசியும் வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்களிற் பலரை அவ்வழியிலேயே மாய்த்தன. 2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் வருகையின் 200ஆவது ஆண்டை நினைவுகூருமுகமாக, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. முன்னோர் நடந்த வழியைப் பின்வந்தோர் தம் கால்களால் அளந்து பார்த்தனர்.

அவ்வழி நடையைப் பற்றியும் அதன்பின் வந்த தோட்ட வாழ்வைப் பற்றியும் பாடல்கள் பல மலையக வாய்மொழி மரபில் உள்ளன. அவை தொகுக்கப்பட்டன, அச்சேறின. சி. வி. வேலுப்பிள்ளையின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அவர் மறைந்து மூன்று ஆண்டுகளின் பின் 1987இல் நூலாக வெளிவந்தது. சாரல் நாடனின் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ 1993இல் வெளிவந்தது. இவற்றின் பயனை எவரும் மறுத்தற்கில்லை. இவையின்றேல் ஒரு மக்கட் கூட்டத்தின் சொற்களிற் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திராது. ஆயினும் இத்தொகுப்புகளையும் அவற்றின்மீது எழுந்த நமது ஆய்வுகளையும் ஒருசேர நோக்கும்பொழுது ஒரு குறை புலனாகின்றது. பாடலின் பொருளை ஆராய்ந்தோம், உவமையை ஆராய்ந்தோம், அதிற் புலப்படும் கொடுமையையும் எதிர்ப்பையும் ஆராய்ந்தோம். அப்பாடலைப் பாடிய உடல் எவ்வாறு மூச்சு வாங்கிற்று, எங்கே மூச்சை நிறுத்திற்று, அக்குரல் எத்தனை ஆண்டு நிலைத்தது என்று நாம் கேட்டதில்லை. இக்கட்டுரை அவ்வினாவை எழுப்ப முயல்கின்றது.

2

தொழிற்பாடல் பற்றிய நமது சிந்தனைக்கு ஒரு வழிமுறை உண்டு. ஜெர்மானியப் பொருளியலறிஞர் கார்ல் பூச்சர் 1896இல் வெளியிட்ட ‘உழைப்பும் தாளமும்’ என்னும் நூல், உழைப்பின் தாளத்திலிருந்தே பாட்டு எழுந்தது என்னும் கொள்கையை விரித்துரைத்தது. ஜோர்ஜ் தொம்சன் 1945இல் வெளியிட்ட ‘மார்க்சியமும் கவிதையும்’ என்னும் சிறுநூலில் அதனை வளர்த்தெடுத்தார். கூட்டாகப் பாரம் இழுப்போர் எழுப்பும் ஒலி இரு கூறுகளை உடையது என்பதும், ஒன்று ஆயத்தம் செய்வது, மற்றையது விசை செலுத்தும் கணத்துக்குரியது என்பதும் அவர் விளக்கமாகும். பேர்மிங்ஹாமில் அவரிடம் ஆய்வு செய்த க. கைலாசபதி வழியாக இந்நோக்கு ஈழத்துத் தமிழாய்வுக்குள் வேரூன்றியது என்பதை நாம் அறிவோம்.

இக்கொள்கை கையையும் காலையும் கணக்கிற் கொண்டது. சுவாசப்பையைப் போதியளவு கொள்ளவில்லை என்பது நம் கருத்து. உழைப்பவனின் தாளம் கைகால்களில் மட்டும் இயங்குவதன்று. அவனுடைய மூச்சும் ஓர் இயக்கம். கைகால்களின் தாளமும் மூச்சின் தாளமும் ஒத்துப்போகும் இடத்திலேயே பாட்டுப் பிறக்கும். ஒன்றையொன்று தடுக்கும் இடத்திற் பாட்டு நின்று கூவல் மட்டுமே எஞ்சும். ஆகவே தொழிற்பாடலின் வடிவத்தை விளக்குவதற்குத் தாளம் பற்றிய கொள்கை மட்டும் போதாது. அதனோடு மூச்சுப் பற்றிய உடற்றொழிலியலறிவும் சேர வேண்டும்.

3

குரல் மூச்சிலிருந்து பிறக்கின்றது என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்தொலியை உந்தியிலிருந்து எழும் காற்றிலிருந்தே தொடங்குகின்றது. அக்காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றாற் செம்மையுறுகின்றது என்பது அதன் விளக்கம். மூச்சின் தொடக்கத்தை மிடற்றில் வைக்காது உந்தியில் வைத்தமை கருதத்தக்கது. நவீன உடற்றொழிலியல் கூறுவதும் அதற்கு வெகு தொலைவில் இல்லை.

மூச்சை உள்ளிழுக்கையில் பிரிமென்றகடு கீழிறங்குகின்றது; பழுவென்புகள் விரிகின்றன; வயிறு முன்தள்ளுகின்றது. ஓய்வில் இருக்கும் வளர்ந்த ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ அரை இலீற்றர் காற்றை உள்ளே கொள்கின்றார். பாடுகையில் இந்த ஒழுங்கு மாறுகின்றது. மூச்சு ஒரு கணத்தில் உட்செல்ல வேண்டும். வெளியேறுவதோ பல வினாடிகளுக்கு நீள வேண்டும். நிறைந்த சுவாசப்பை தன் மீள்தன்மையாற் காற்றை விரைந்து வெளித்தள்ள முனையும். அதனைப் பழுவிடைத் தசைகள் பிடித்து நிறுத்த வேண்டும். காற்றுக் குறைந்தபின் வயிற்றுத் தசைகள் மெல்ல உள்ளமுங்கி எஞ்சியதைச் சீராகச் செலுத்த வேண்டும். தொடக்கத்திற் பிடித்து வைத்தல், முடிவிற் கொடுத்து உதவுதல் என்னும் இவ்விரண்டும் சேர்ந்ததையே மூச்சுத் தாங்கல் என்கின்றோம். அது வயிற்றை இறுக்கிக்கொள்ளுதலன்று.

இத்தாங்கல் இல்லாதவிடத்து அதன் வேலை முழுவதும் குரல்வளைமீது விழுகின்றது. பேசுகையில் ஆணின் குரல்நாண்கள் வினாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 தடவையும், பெண்ணினுடையவை ஏறத்தாழ 200 தடவையும் அதிர்கின்றன. உச்சத்திற் பாடுகையில் இது பன்மடங்காகும். கீழிருந்து வரும் காற்றின் அமுக்கம் சீராக இல்லையேல், பாடுவோர் கழுத்துத் தசைகளை இறுக்கி அக்குறையை ஈடுசெய்ய முனைவர். நாண்கள் ஒன்றோடொன்று மோதித் தேயும், வீங்கும், நாளடைவில் முடிச்சுகள் தோன்றும். குரல் கரகரக்கும்.

நமது பொருளுக்கு மிக முக்கியமான மற்றொரு செய்தியும் உண்டு. குரல்வளையின் முதற்றொழில் பாடுவதன்று. அது சுவாசப்பையைக் காக்கும் வாயில். மனிதன் பெரும்பாரம் தூக்குகையில் அவ்வாயில் தானாகவே மூடிக்கொள்கின்றது. உள்ளே அடைபட்ட காற்று மார்பையும் முதுகையும் உறுதியாக நிறுத்துகின்றது. அதனாலேயே பாரம் தூக்கும் கணத்திற் பேச்சு நிற்கின்றது. தூக்கி முடித்ததும் ஒரு முக்கல் வெளிப்படுகின்றது. பாரமும் பாட்டும் ஓர் உறுப்பையே வேண்டி நிற்கும் போட்டியாளர் என்பது இதன் பொருள். தொம்சன் கூறிய இரு கூறுகளின் உடலியல் அடிப்படையும் இதுவே. ஆயத்தக் கூவல் மூச்சு உள்ளபோது எழுகின்றது. விசையின் கணத்தில் மிடறு அடைபடுகின்றது.

4

இந்த அடிப்படையிற் தொழிற்பாடல்களை நான்கு வகையாகப் பகுத்து நோக்கலாம்.

முதலாவது, மிடறு அடைபடும் கடுந்தொழில். பாறை புரட்டுதல், மரம் இழுத்தல், தெருப் போடுதல் முதலியன இதனுள் அடங்கும். இங்கே ஒருவர் கூவ, மற்றையோர் ஓரிரு அசைகளில் மறுமொழி கொடுப்பர். நீண்ட அடி இங்கே இயலாது. இவ்வகைப் பாடல்களிற் ‘கவித்துவம் குறைவு’ என்று மதிப்பிடும் விமர்சகர், அவற்றைப் பாடியோருக்கு எவ்வளவு மூச்சு எஞ்சியிருந்தது என்பதைக் கருதுவதில்லை.

இரண்டாவது, நடை. சமநிலத்தில் நடக்கையில் அடியெடுப்பும் மூச்சும் ஒரு கணக்குக்குள் அமைதல் எளிது. மேட்டில் ஏறுகையில் உடலின் காற்றுத் தேவை பன்மடங்காகின்றது. பாடுவதற்குரிய நீண்ட வெளிமூச்சு கிட்டாது. தம்புள்ளையிலிருந்து நாவுல நோக்கியும் அப்பால் மாத்தளை நோக்கியும் நடக்கும் ஒருவரின் உடல் இவ்வேறுபாட்டைத் தானே உணரும். வழிநடைப் பாடல்களில் அடிகள் குறுகியிருத்தலும், ஒருவர் பாட மற்றவர் ஏற்றுப் பாடும் அமைப்பும், பொருளற்றவை போலத் தோன்றும் இசையசைகள் இடையிடையே வருதலும் இதனோடு சேர்த்து விளங்கிக்கொள்ளத்தக்கவை. ஏற்றுப் பாடுவோரின் முறையில் முன்பாடுபவர் மூச்சு வாங்குகின்றார். கூட்டு வாழ்க்கையின் வெளிப்பாடு என்று நாம் பொதுப்படக் கூறும் அமைப்பு, மூச்சைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடாகவும் இருக்கின்றது.

மூன்றாவது, விரலின் தொழில். கொழுந்தெடுத்தல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. விரைவு விரலுக்கே வேண்டப்படுகின்றது. மார்பு ஒப்பளவில் விடுதலை பெற்றிருக்கின்றது. ஆதலால் நீண்ட மெட்டுக்கு இடமுண்டு. ஆயினும் தலையில் மாட்டிய கயிற்றிற் கூடை தொங்குகின்றது. குரல்வளையைத் தாங்கி நிற்பவை கழுத்துத் தசைகளே. கூடை நிறைய நிறைய அத்தசைகள் இறுகும், முதுகு வளையும், வயிறு மடிந்து பிரிமென்றகடு இறங்கும் இடம் குறையும். கொழுந்துப் பாட்டு வெறுங்கூடைக்கு உரியது. நிறைந்த கூடைக்கு உரியதன்று என நாம் கருதுகின்றோம். மலையின் அழகையும் பாடும் பெண்களையும் சேர்த்துச் சுற்றுலாச் சுவரொட்டிகள் வரைந்து காட்டும் இன்பச் சித்திரத்துக்கு இதுவே தகுந்த மறுப்பு.

நான்காவது, உடல் அமர்ந்திருக்கும் தொழில். இவ்விடத்து நாவுலப் பிரதேசத்தின் சிங்கள உழவர் மரபு நமக்குப் பெரிதும் உதவுகின்றது. சேனைக் காவற்குடிலில் இரவெல்லாம் விழித்திருந்து விலங்குகளை விரட்டுவோர் பாடுவது பெல் கவி. வண்டியோட்டிகள் பாடுவது கரத்தக் கவி. இவ்விரண்டும் தாளக்கட்டு நெகிழ்ந்து, ஈற்றசைகள் நீண்டு இழுபடும் பாங்கின. காரணம் வெளிப்படை. காவற்காரன் அமர்ந்திருக்கின்றான், வண்டியை இழுப்பது மாடு. பாடுபவனின் சுவாசப்பை அவனுக்கே உரியதாக இருக்கின்றது. ஒரே தெருவில் வண்டியில் அமர்ந்து செல்பவனின் பாட்டு நீளும். சுமையுடன் நடந்து செல்பவனின் பாட்டுத் துண்டுபடும். இனத்தின் இயல்பு என்றோ, மொழியின் இயல்பு என்றோ இவ்வேறுபாட்டைக் கூறுதல் தவறு. உழைப்பில் உடல் எங்ஙனம் நிறுத்தப்பட்டுள்ளது என்பதே அதனை நிர்ணயிக்கின்றது. தமிழ், சிங்கள நாட்டார் பாடல்களை ஒப்பிட விழைவோர்க்குச் சொல்லொப்புமையினும் இது உறுதியான அடிப்படையாகும்.

இது உடல்சார் நிர்ணயவாதம் ஆகாதா என்று ஒரு தடை எழலாம். ஒப்பாரி அத்தடைக்கு விடையிறுக்கின்றது. ஒப்பாரியில் உடல் பாரம் சுமக்கவில்லை. நீண்ட மூச்சுக்கு இடமுண்டு. எனினும் பாடுபவள் விம்மலை வேண்டுமென்றே அடியின் ஈற்றில் வைக்கின்றாள். உள்வாங்கும் மூச்சையே கேட்கத்தக்க ஒலியாக்கி அதனைப் பாட்டின் உறுப்பாக்குகின்றாள். தாலாட்டிலோ அதே பெண் மூச்சு வாங்குவது எவருக்கும் கேளாதவாறு மெல்லப் பாடுகின்றாள். ஆகவே மூச்சு எல்லையை வகுக்கின்றது. அவ்வெல்லைக்குள் கலைஞர் தெரிவு செய்கின்றார். பயிற்சி என்பது இத்தெரிவே எனின், அப்பெண்களைப் பயிற்சியற்றோர் என்று எவ்வாறு கூறுவது?

5

கூத்தில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. கூத்தர் ஆடியும் பாடியும் நடிக்கின்றார். ஆட்டம் காற்றைக் கேட்கின்றது. பாட்டும் அதே காற்றைக் கேட்கின்றது. மட்டக்களப்புக் கூத்தில் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் கூத்தர் பாடியதை ஏற்றுப் பாடுகின்றமை இசை நிறைவுக்கு மட்டும் ஏற்பட்டதன்று. அவர் பாடும் நேரத்திற் கூத்தர் ஆடலாம், மூச்சும் மீட்கலாம். பேராதனையில் சு. வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றியபொழுது விடிய விடிய ஆடப்பட்ட வடிவத்தைச் சில மணி நேரத்துள் சுருக்கினார். அச்சுருக்கத்தைக் கதைப் போக்கு, நாடக ஒருமை என்னும் நோக்கிலேயே நாம் இதுவரை மதிப்பிட்டு வந்துள்ளோம். நீண்ட இரவுக்கென அமைந்த மூச்சுப் பங்கீடு சுருங்கிய பொழுதில் என்னவாகின்றது என்பதும் விமர்சகர் கேட்க வேண்டிய வினா. இடைவெளிகள் குறையுந்தோறும் கூத்தரிடம் வேண்டப்படும் ஆற்றல் கூடுகின்றது.

மலையகத்தின் காமன்கூத்து மாசி மாதத்தில் நிகழ்வது. அமாவாசையின் பின்னர்க் காமன் கம்பம் ஊன்றப்பட்டு, நாள்தோறும் ஆட்டமும் பாட்டும் நடைபெற்று, பௌர்ணமியை ஒட்டிய இறுதி இரவில் மன்மதன் எரிக்கப்படுகின்றான். பறையோசை ஓயாது முழங்கும். பாடுவோர் அவ்வோசைக்கு மேலாகக் கேட்கப்பட வேண்டும். பகலிற் பெரட்டுக்குச் சென்று மலையில் உழைத்தவரே இரவில் ஆடிப் பாடுகின்றனர். தீயின் புகையும் இரவுப் பனியும் உடனிருக்கின்றன. இறுதி இரவின் முடிவில், உடல் முற்றாகக் களைத்த வேளையில், ரதியின் புலம்பல் வருகின்றது. கூத்து முழுவதிலும் மென்மையான மூச்சாட்சியை மிகுதியும் வேண்டுவது அப்பகுதி. கூத்து முடிந்த காலையிற் குரல் கட்டிப் பேசவியலாது நிற்கும் கூத்தரை நாம் காண்கின்றோம். அவர் குரல் உடைந்ததற்குக் காரணம் அவர் பாடும் முறையா, அவர் பாட நேர்ந்த நிலையா? இரண்டும் என்பதே நேர்மையான விடை. முதலாவதை மட்டும் கூறுவோர் கலைஞரைப் பழிக்கின்றனர். இரண்டாவதை மட்டும் கூறுவோர் அவருக்கு உதவக்கூடிய அறிவை அவருக்கு மறுக்கின்றனர்.

6

நாட்டார் குரல் ‘காட்டுக் குரல்’ என்றும் கருநாடக இசைக்குரலே பண்பட்ட குரல் என்றும் ஒரு மதிப்பீடு நமது கல்விக்கூடங்களிற் சொல்லாமலே நிலவுகின்றது. இம்மதிப்பீட்டை அதன் சொந்த நூல்களைக் கொண்டே சோதிக்கலாம். 13ஆம் நூற்றாண்டிற் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம் பாடகரின் குற்றங்கள் 25 எனக் கூறுகின்றது. பற்களைக் கடித்துப் பாடுதல், வாயை அளவிறந்து பிளத்தல், முகத்திலும் கழுத்திலும் நாளங்கள் புடைக்கப் பாடுதல், கழுத்தைக் கோணுதல் என்பன அவற்றுட் சில. இவை யாவும் மூச்சுத் தாங்கல் தவறியதன் அடையாளங்கள். இக்குற்றங்கள் எந்தச் சாதிக்கும் எந்த இசை வகைக்கும் உரியனவாக அந்நூலிற் கூறப்படவில்லை. பட்டுச் சால்வை அணிந்து மேடையில் அமர்ந்தவரிடமும் அவற்றைக் காணலாம்.

கருநாடக இசைப் பயிற்சியில் மூச்சு ஒரு தனிப்பாடமாக வருவது அரிது. சரளி வரிசையை மூன்று காலத்திற் பாடுதல், விடியற்காலையில் மந்தர ஸ்தாயியில் அகாரம் சாதகம் செய்தல் என்பவற்றினூடே அது மறைமுகமாகக் கைவருகின்றது. நல்லாசிரியரிடம் நெடுங்காலம் இருந்தவர்க்கு அது போதும். வாரத்துக்கு இரு பாடவேளைகள் மட்டும் கிட்டும் பாடசாலைப் பிள்ளைக்கு அது போதாது. மேலும், ஆசிரியர் தமது சுருதியில் வகுப்பு முழுவதையும் பாடச் செய்யும் வழக்கம், குரல் உடையும் பருவத்துச் சிறுவருக்குத் தீங்கானது. தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. தாய் பாடும் மெட்டும் குரலும் இசையல்ல என்று சொல்லாமலே கற்பிக்கப்படுகின்றது. அப்பிள்ளை தன் குரலை மாற்றிக்கொள்ள முயன்று தொண்டையை இறுக்குகின்றது.

வெளியுலகிலும் இச்சிக்கல் எழுந்ததுண்டு. தேவார் சூரியசேன இலண்டன் ரோயல் இசைக் கல்லூரியிற் பயின்று வந்து சிங்கள நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து மேடையிற் பாடினார். அவர் பணியால் அப்பாடல்களுக்குப் படித்தோரிடையே மதிப்புக் கிட்டியது. ஆயினும் மேனாட்டு மேடைக்குரல் அவற்றின் மூச்சமைதியை மாற்றிவிட்டதா என்னும் கேள்வி எஞ்சுகின்றது. மறுபுறத்திற் போல் ரோப்சன், அடிமைகளின் வழித்தோன்றலாக, தம் மக்களின் பாடல்களைத் தமது இயல்பான ஆழ்குரலிலேயே உலக மேடைகளுக்குக் கொண்டுசென்றார். 1960இற் சிட்னி ஒப்பேரா மாளிகை கட்டப்பட்டுக்கொண்டிருந்தபொழுது, கட்டடத் தொழிலாளர் நடுவே நின்று பாடினார். மூச்சுத் தாங்கல் உறுதியாக அமைந்த குரல் தன் வர்க்கத்தின் நிறத்தை இழக்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் சான்று.

ஒலிபெருக்கியைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். அது பரவுவதற்கு முன்னர்த் தமிழ் நாடக மேடையிற் பாடியோர் மிக உயர்ந்த சுருதியிற் பாடினர். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களிற் கொழும்பில் நடித்தபொழுது கடைசி வரிசைக்குக் கேட்கச் செய்தது அவர்களின் மூச்சே. அரசியல் மேடையில் மீனாட்சி அம்மாளும் அவ்வழி வந்தவரே. கோ. நடேசய்யருடன் தோட்டந்தோறும் சென்று, கூட்டங்களில் முதலிற் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் அவருடைய பாடல் நூல் 1940இல் வெளிவந்தது. மக்கள் அறிந்த மெட்டுகளில் அவர் பாடல் அமைத்தமையை எளிமை கருதிய உத்தி என்பர். அறிந்த மெட்டில் எங்கே மூச்சு வாங்குவதென்று கேட்போருக்கும் தெரியும். ஆதலாற் கூட்டம் உடன்பாட இயலும். ஓர் இயக்கப் பாடல் பரவுவதற்கு இது இன்றியமையாத நிபந்தனை.

இன்று ஒலிபெருக்கி தோட்டங்களை அடைந்துவிட்டது. அது குரலைக் காக்க வேண்டிய கருவி. நடைமுறையிலோ பறைக்கும் மின்னிசைக்கும் நடுவே தன் குரல் தனக்கே கேளாதபொழுது பாடகர் மேலும் உரத்துப் பாடுகின்றார். சத்தம் கூடுமிடத்திற் குரலைத் தானாகவே உயர்த்துதல் மனித இயல்பு. பாடகருக்குத் தம் குரல் கேட்கும்வண்ணம் ஒலிபெருக்கியை நிறுத்தாவிடின் அக்கருவியாற் பயனில்லை.

7

குரல்நலம் பற்றிய நம்பிக்கைகள் சிலவற்றையும் இவ்விடத்து ஆராய்தல் தகும். மாத்தளை வாசனைத் திரவியங்களுக்குப் பெயர்பெற்ற மாவட்டம். மிளகும் இஞ்சியும் ஏலமும் தொண்டையைத் திறக்கும் என்பது பரவலான நம்பிக்கை. விழுங்கப்படும் எதுவும் உணவுக்குழாய் வழியே செல்வது, குரல்நாண்களைத் தொடுவதில்லை. தொட்டால் இருமலே வரும். கசாயம் தரும் இதம் வாயிலும் தொண்டையின் மேற்பகுதியிலும் உணரப்படுவது. அதனைக் குறை கூற வேண்டியதில்லை. ஆயினும் அது வீங்கிய நாண்களை ஆற்றும் மருந்தன்று. நாண்களுக்கு வேண்டுவது ஈரப்பதம். அது நாள் முழுவதும் சிறுகச் சிறுகக் குடிக்கும் நீரால் உடலின் உள்ளிருந்தே வர வேண்டும். ஆவி பிடித்தலும் உதவும். வெற்றிலையுடன் புகையிலை மெல்லுதலும் புகைத்தலும் மதுவும் வாய்க்கும் மிடற்றுக்கும் கேடு விளைப்பவை. குரல் கட்டியபொழுது அடித்தொண்டையிற் கிசுகிசுத்துப் பேசுதலும் நலந்தருவதன்று, பேசாதிருத்தலே நன்று. காரணமின்றிக் கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடிப்பின் மருத்துவர் குரல்வளையைப் பார்த்தாக வேண்டும். 1854இல் மனுவேல் கார்சியா என்னும் குரலிசைப் பயிற்சியாசிரியர் சிறு கண்ணாடி கொண்டு தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். இன்று மருத்துவர்க்கு அது எளிய பரிசோதனை.

ஆயினும் இவ்வறிவுரைகளைக் கூறி அமைதல் நமது பணியன்று. மலையில் நிற்பவளுக்கு நாள் முழுவதும் நீர் குடிக்கும் வசதி உண்டா? குடித்தால் ஒதுங்குவதற்கு அங்கே இடம் உண்டா? கூத்தின் மறுநாள் கூத்தர் பேசாதிருந்து ஓய்வெடுக்க இயலுமா? ஒருநாட் பேர் இழப்பு அவருக்கு ஒருநாட் கூலி இழப்பு. குரல்நலம் என்பது தனிமனித ஒழுக்கம் பற்றியதாக மட்டும் பேசப்படும்பொழுது, அதனைக் கடைப்பிடிக்க இயலாதோர் குற்றவாளிகளாக்கப்படுகின்றனர். ஓய்வும் நீரும் குடியிருப்பும் கிடைத்தல் எவ்வாறு தொழிலாளர் உரிமையோ, அவ்வாறே அது கலைஞர் உரிமையுமாம்.

8

இதுகாறும் கூறியவற்றிலிருந்து ஆய்வாளர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமைகள் சில பெறப்படுகின்றன.

பாடல்களைப் பதிவு செய்வோர் சொற்களோடு மூச்சிடங்களையும் குறிக்க வேண்டும். பாடியவர் நின்றாரா, அமர்ந்தாரா, சுமை இருந்ததா, எவ்வேளையிற் பாடினார் என்பன குறிக்கப்பட வேண்டும். இன்று கைத்தொலைபேசியே ஒலிப்பதிவுக்குப் போதுமாகையால் வசதியின்மையைக் காரணம் காட்டவியலாது. அமர வைத்து, சொற்சொல்லாகக் கூறச் செய்து எழுதிக்கொண்ட பாட்டு, பாடப்பட்ட பாட்டாகாது.

மலையகப் பாடசாலைகளில் இசை கற்பிப்போர் மூச்சுப் பயிற்சியை முதற்பாடமாக வைக்கலாம். அதற்குச் சுருதிப் பெட்டியும் வேண்டியதில்லை. பிள்ளை நேராக நின்று, தோளை உயர்த்தாது மூச்சு வாங்கி, ஓர் உயிர் நெடிலைத் தனக்கு இசைந்த சுருதியிற் சீராக நீட்டப் பழகினாற் போதும். அதே மூச்சிற் கீர்த்தனையும் பாடலாம், தெம்மாங்கும் பாடலாம், கவியும் பாடலாம். நலமான குரல் எந்தவோர் இசைமரபுக்கும் தனியுடைமையன்று.

கூத்துக் குழுக்களின் மூத்தோரிடத்து ஏற்கெனவே உள்ள அறிவை முதலிற் கேட்டறிய வேண்டும். யார் எப்போது ஏற்றுப் பாடுவது, எந்த இடத்தில் ஆட்டம் நின்று பாட்டு மட்டும் செல்வது என்னும் ஒழுங்குகள் தலைமுறைகள் கண்ட மூச்சியல். அதனை அறியாது நாம் புகுத்தும் திருத்தம் ஒவ்வொன்றும் பாடுபவரின் சுவாசப்பையிலிருந்தே விலை கேட்கும்.

மன்னார்க் கரையிலிருந்து நாவுல வழியே நடந்து வந்தோரின் முகங்கள் நமக்குக் கிட்டவில்லை. பெயர்களிற் பெரும்பாலானவும் கிட்டவில்லை. அவர்கள் பாடல்களின் அடியளவில், அடி முறியும் இடங்களில், பிறர் ஏற்றுப் பாடுவதற்கென விடப்பட்ட வெளிகளில் அவர்களுடைய மூச்சின் அளவு பதிந்திருக்கின்றது. அதனைப் படித்தறியும் கண்ணும் காதும் நமது விமர்சனத்துக்கு வாய்க்க வேண்டும். அவர்களின் பேரப்பிள்ளைகள் குரல் உடையாது பாடுவதற்குரிய நிலை வாய்க்கச் செய்தல் அவ்விமர்சனத்தின் நடைமுறைப் பயனாக அமையும்.